இரைப்புள்ள பிள்ளையும் எலுமிச்சை ஸ்குவாஷும்

எலுமிச்சை என்றால் புளியங்குடி என்பது தென் மாவட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் கேரளத்துக்குப் போகிறது. கோடையில் பழத்துக்கு நல்ல கிராக்கி. மழைக்காலத்தில் விலை விழுந்துவிடும். பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று மரத்தடியில் விட்டுவிடும் நாட்களும் உண்டு. அப்படி வீணாகிற பழத்தைப் பிழிந்து ஸ்குவாஷ் தயாரித்து விற்கலாம் என்று விவசாயக் குடும்பங்களுக்குப் பயிற்சிகளில் சொல்லித் தரப்படுகிறது. நல்ல யோசனைதான். அதில் ஒரு விஷயம் மட்டும் சற்று விளக்கமாகச் சொல்லப்பட வேண்டும்.

ஸ்குவாஷ் கெடாமல் இருப்பதற்காகக் கடைசியில் ஒரு வெள்ளைத் தூள் சேர்க்கப்படுகிறது. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்பது அதன் பெயர். பயிற்சிக்குப் போய் வந்தவர்கள் கே.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஸ்குவாஷ் பழுப்பேறாமல், நுரைத்துப் பொங்காமல் மாதக் கணக்கில் இருப்பது இந்தத் தூளினால்தான். அனுமதித்த அளவில் சேர்த்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதனால் ஒன்றும் நேருவதில்லை. ஆனால் இரைப்பு, அதாவது ஆஸ்துமா உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஒரு டம்ளர் ஸ்குவாஷே நெஞ்சை அடைத்துவிடக் கூடும். ஆஸ்துமா உள்ளவர்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பேர் வரை சல்பைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று மருத்துவ ஆய்வுகள் மதிப்பிடுகின்றன.

தோட்டத்துப் பழம், வீட்டுச் சர்க்கரை, சொந்தக் கையால் போட்டது. இதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்றுதான் எந்தக் குடும்பமும் நினைக்கும். பிள்ளைக்கு இரைப்பு வந்தால் குளிர்ந்ததைக் குடித்ததால் வந்தது என்று சொல்லிவிடுவார்கள். தூளின் மேல் யாருக்கும் சந்தேகம் போகாது.

புளிப்பும் சல்பைட்டும் சேர்ந்தால்

சல்பைட் உப்பு புளிப்பான சாற்றில் கரையும்போது கந்தக டை ஆக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. தீக்குச்சி உரசும்போது மூக்கைக் குத்தும் நெடி இந்த வாயுவினுடையதுதான். பூஞ்சணத்தையும் நொதியையும் அடக்கிப் பழச்சாற்றைக் காப்பாற்றுவதும் இதே வாயுதான். டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கும்போது சிறிதளவு வாயு தொண்டை வழியாக மூச்சுக் குழாய்க்குள் போகிறது. ஏற்கெனவே புண்பட்டு, தொட்டால் சுருங்கும் நிலையிலுள்ள மூச்சுக் குழாய் அந்த வாயு பட்டவுடன் இறுகிக்கொள்கிறது. சில நிமிடங்களிலேயே இருமலும் இழுப்பும் தொடங்கிவிடலாம்.

பண்டம் எவ்வளவு புளிப்போ அவ்வளவு அதிகமாக வாயு வெளிப்படும். ஒரே அளவு சல்பைட் ஒரு பிஸ்கட்டில் இருப்பதும் எலுமிச்சை ஸ்குவாஷில் இருப்பதும் ஒன்றல்ல. இரைப்புள்ள பிள்ளைக்குப் புளிப்பான பானமே அதிக ஆபத்து. எலுமிச்சை விளைகிற ஊர்க்காரர்கள் இதை மற்றவர்களைவிட முன்னதாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1980-களில் ஓட்டல்களில் காய்கறிக் கீரைகள் வாடாமல் பச்சையாகத் தெரிவதற்காகச் சல்பைட் கரைசலைத் தெளித்து வந்தார்கள். அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரர்கள் பலர் மூச்சுத் திணறி விழுந்தார்கள், உயிரிழப்புகளும் ஏற்பட்டன. பச்சையாகச் சாப்பிடும் காய், பழங்களில் சல்பைட் சேர்க்கக் கூடாது என்று 1986-இல் அங்கே தடை வந்தது. நம் நாட்டிலும் ஒரு கிலோ உணவில் 10 மில்லி கிராமோ அதற்கு மேலோ சல்பைட் இருந்தால், ஒவ்வாமை தரக்கூடிய பொருள் என்று லேபிளில் தெரிவிக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஸ்குவாஷில் அனுமதித்த கந்தக டை ஆக்சைடின் அளவோ கிலோவுக்கு 350 மில்லி கிராம். ஆகவே சட்டப்படி சரியாகத் தயாரித்த ஸ்குவாஷும் லேபிளில் சொல்லப்பட வேண்டிய பண்டமே.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சல்பா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவருக்குச் சல்பைட்டும் ஒத்துக்கொள்ளாது என்று சிலர் எண்ணுகிறார்கள். பெயரில்தான் ஒற்றுமை. இரண்டும் வெவ்வேறு. ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாது என்ற கட்டாயம் இல்லை.

வெளுத்த வெல்லம்

சல்பைட் வீட்டுக்குள் வருவதற்கு இன்னொரு வழி வெல்லம். புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் கரும்பு முக்கியமான பயிர். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு உள்ள சங்கடம் எல்லாருக்கும் தெரிந்ததே. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் வியாபாரி நல்ல விலை சொல்கிறார். பழுப்பாக இருந்தால் விலையைக் குறைக்கிறார். இதற்காகவே கொப்பரையில் 'ஹைட்ராஸ்' என்ற தூளைப் போடுகிற பழக்கம் வந்தது. சோடியம் ஹைட்ரோசல்பைட் என்பது அதன் முழுப் பெயர். துணிச்சாய ஆலைகளில் நிறம் எடுக்கப் பயன்படும் பொருள் அது. போட்டவுடன் பாகு வெளுக்கும். ஆனால் வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு தங்கிவிடும். வெல்லத்தில் இதற்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 70 மில்லி கிராம்தான். கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடும் இடத்தில் அளவு எங்கே நிற்கும்?

இதில் விவசாயிக்கும் லாபம் நிலையாக இல்லை. ஹைட்ராஸ் போட்ட வெல்லம் இருப்பு வைத்தால் சில வாரங்களில் மறுபடி கறுத்துவிடும். வாங்கி அடுக்கிவைத்த வியாபாரி அடுத்த தடவை விலையில் கைவைப்பார்.

வெல்லத்தின் நிறம் கொப்பரையில் தொடங்குவதல்ல, வயலில் தொடங்குவது. தழைச்சத்தை அளவுக்கு மீறியும் காலம் கடந்தும் இட்ட கரும்பு, உவர் நீர் பாய்ந்த கரும்பு, முதிராமல் வெட்டிய கரும்பு ஆகியவற்றின் சாறு எப்படிக் காய்ச்சினாலும் கறுக்கும். வெல்லம் கட்டியாக நிற்காது. தழையுரத்தைப் பருவத்தின் முற்பகுதியிலேயே இட்டு முடித்து, சாம்பல் சத்தைக் குறைக்காமல் கொடுத்து, நன்றாக முற்றிய பிறகு வெட்ட வேண்டும். கொழுந்தாடையையும் சோகையையும் நீக்கிவிட்டு, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கு வெண்டைச் செடி உதவும். காய்ப்பு ஓய்ந்த வெண்டைச் செடியின் பச்சைத் தண்டையும் வேரையும் நசுக்கித் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் பிசைந்தால் கொழகொழப்பான சாறு இறங்கும். அதை வடிகட்டி, கரும்புச் சாறு சூடேறி வரும்போது, கொதி வருவதற்கு முன்பாகக் கொப்பரையில் ஊற்ற வேண்டும். கொழகொழப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டு மேலே திரளும். பொறுமையாக வழித்து எடுத்துவிட வேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து, முதல் அழுக்கு எடுத்தபின் ஊற்றினால் சாறு இன்னும் தெளியும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரும் சாற்றின் புளிப்பை முறித்து அழுக்குப் பிரிய உதவும். ஆனால் சுண்ணாம்பு கூடினால் வெல்லம் கறுக்கும். பழகிய கைக்கே அந்த நிதானம் வரும்.

இப்படிக் காய்ச்சிய வெல்லம் எலுமிச்சம் பழம்போல மஞ்சளாக இருக்காது. தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் இடைப்பட்டு இருக்கும். ஹைட்ராஸ் போடாத வெல்லத்தைக் கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய் விற்பதற்குச் சிரமம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு எப்படியோ போகட்டும், வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு கொப்பரையாவது தூள் போடாமல் இறக்கிவைக்கலாம்.

பெட்டிக்கடையிலிருந்து வருவது

சாயம் பெரும்பாலும் கடைப் பண்டத்தில் வருகிறது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ், ஜெல்லி, கலர் அப்பளம், சிவப்பு மிட்டாய் எல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கின்றன. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போகிற பிள்ளை கையில் ஏதாவது கலர் பண்டம் இல்லாமல் திரும்புவதில்லை.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உணவில் சேர்க்கவே கூடாத சாயம். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது ஆய்வகப் பரிசோதனையில் தெரிந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. இந்த வகைச் சாயத்தை எந்தப் பிள்ளைக்கும் தரக் கூடாது. ஒத்துக்கொள்கிறதா, இல்லையா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

மற்றது, சட்டம் அனுமதித்த செயற்கை நிறம். டார்ட்ரசின் என்ற மஞ்சள், சன்செட் எல்லோ என்ற ஆரஞ்சு, கார்மோயிசின், பான்சோ என்ற சிவப்புகள் இந்த வகை. அனுமதித்த உணவுகளில் பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லி கிராமுக்குள் இவை இருக்கலாம். இவற்றால் சில பிள்ளைகளுக்கு உடம்பில் தடிப்புத் தடிப்பாக அரிப்பு எழும்புகிறது. இன்னும் சில பிள்ளைகள் ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று அலைகிறார்கள் என்று தாய்மார்கள் சொல்வதுண்டு.

அந்தத் துறுதுறுப்பைப் பற்றி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 3 வயதுப் பிள்ளைகள் 153 பேர், 8, 9 வயதுப் பிள்ளைகள் 144 பேர் அதில் கலந்துகொண்டார்கள். நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் கலந்த பழபானம் சில நாட்களிலும், இவை கலக்காத அதே சுவையுள்ள பானம் வேறு சில நாட்களிலும் கொடுக்கப்பட்டன. எந்த நாளில் எது என்று பெற்றோருக்குத் தெரியாது. கலந்த பானம் குடித்த நாட்களில் பிள்ளைகளின் துறுதுறுப்பு சராசரியாகச் சற்றுக் கூடியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு அதிகம், பலருக்கு ஒன்றுமில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் இந்த ஆதாரம் போதிய வலுவுள்ளதல்ல என்றது. இருந்தும், பிள்ளைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை இந்நிறங்கள் சேர்த்த பண்டங்களில் அச்சிட வேண்டும் என்ற விதி 2010 ஜூலை முதல் ஐரோப்பிய நாடுகளில் நடைமுறைக்கு வந்தது.

ஆகவே சுட்டிப் பையன் ஒவ்வொருவனையும் சாயத்தின் கணக்கில் எழுத வேண்டியதில்லை. கணக்குப் பரீட்சையில் மார்க்குக் குறைந்ததற்கு மிட்டாயைப் பழி சொல்வதும் சரியல்ல. ஒரு பிள்ளைக்கு ஆகிறதா, ஆகவில்லையா என்பதை அந்தப் பிள்ளையைக் கவனித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அஜினமோட்டோவைப் பற்றியும் ஊரெல்லாம் பேச்சு உண்டு. பேச்சின் அளவுக்கு ஆதாரம் கிடையாது. 'இயற்கை நிறம்' என்று எழுதியிருந்தால் ஆபத்தில்லை என்று நம்பிவிடவும் கூடாது. வண்ணத்துக்காகச் சேர்க்கும் அன்னட்டோ என்ற விதைச் சாயம் செடியிலிருந்து வருவதுதான். அதுவும் சிலருக்குத் தடிப்பை உண்டாக்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பால், முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றுக்கு வரும் ஒவ்வாமையைத் தோலில் ஊசி முனையால் குத்திப் பார்க்கும் சோதனையாலும் இரத்தச் சோதனையாலும் ஓரளவு அறியலாம். நிறம், பதப்பொருள் ஆகியவற்றால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்தச் சோதனைகளில் அகப்படுவதில்லை. நிறுத்திப் பார்ப்பதும், திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுமே வழி. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழித்து எல்லாச் சோதனைகளையும் எடுக்க ஓடுவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினால் போதும்.

பிள்ளை சாப்பிட்டது ஒவ்வொன்றையும் நேரத்தோடு அதில் எழுத வேண்டும். கடையில் வாங்கியதானால் உறையைக் கிழித்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடலாம். தடிப்பு, இருமல், இரைப்பு, வயிற்றுவலி எது வந்தாலும் வந்த நேரத்தைக் குறிக்க வேண்டும். விவசாயக் குடும்பம் இன்னொரு பத்தியும் போட்டுக்கொள்வது அவசியம். அன்றைக்கு வயலில் மருந்து அடித்தார்களா, பக்கத்துத் தோட்டத்தில் கரும்புச் சோகை எரித்தார்களா, நெல் தூற்றினார்களா, ஆலைப் புகை வீட்டுப் பக்கம் வந்ததா, பிள்ளைக்குச் சளி பிடித்திருந்ததா என்பதையும் எழுத வேண்டும். இரைப்பைக் கிளப்பிவிடுவதில் புகைக்கும் தூசிக்கும் சளிக்கும் சாப்பாட்டைவிடப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பத்தி இல்லாவிட்டால் சோகைப் புகை செய்த குற்றத்துக்கு மிட்டாய் தண்டனை பெற்றுவிடும்.

உறையில் உள்ள எழுத்து ஆங்கிலத்திலும் பொடியாகவும் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். சேர்க்கைப் பொருள்களுக்கு எண் உண்டு. எண் எல்லா மொழியிலும் ஒன்றுதான். 102, 110, 122, 124 என்பவை மேலே சொன்ன நிறங்கள். 211 என்பது சோடியம் பென்சோயேட். சாஸ், கடை ஊறுகாய், குளிர்பானம் ஆகியவற்றில் இருக்கும். 220-இலிருந்து 228 வரை உள்ளவை சல்பைட் குடும்பம். கே.எம்.எஸ். தூளின் எண் 224. இந்த எண்களை நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்துவிட்டால் பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளையே உறையைப் பார்த்துச் சொல்லிவிடும்.

இரண்டு வாரம் எழுதிய பிறகு நோட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு பண்டம் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் தொல்லை வந்திருந்தால் அதன் மேல் சந்தேகப்படலாம். அந்த ஒன்றை மட்டும் இரண்டு, மூன்று வாரம் நிறுத்திப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். பிள்ளைக்கும் ஆகாரம் குறையும். பாலையும் பழத்தையும் பருப்பையும் சந்தேகத்தின் பேரில் நிறுத்திப் பிள்ளையை மெலியவிட்ட வீடுகள் உண்டு. வளரும் பிள்ளையைப் பத்தியத்தில் போடுவது டாக்டர் சொல்லாமல் செய்கிற காரியமல்ல.

நிறுத்தியதும் தொல்லை அடங்கினால் அந்தப் பண்டத்தைத் திரும்பச் சிறிதளவு கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி வந்தால்தான் சந்தேகம் உறுதிப்படும். வெறும் அரிப்பு அல்லது துறுதுறுப்பு என்றால் டாக்டரின் யோசனையோடு இதை வீட்டில் செய்யலாம். இரைப்பு வந்த பிள்ளைக்கும், உதடோ நாக்கோ முகமோ வீங்கிய பிள்ளைக்கும் ஒருபோதும் வீட்டில் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அது ஆஸ்பத்திரியில், மருந்தும் ஆக்சிஜனும் கைக்கு எட்டும் இடத்தில் நடக்க வேண்டிய சோதனை. முகம் வீங்கி மூச்சு இரைத்தாலும், பிள்ளை வெளிறி மயங்கினாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று. காரணத்தைக் கண்டுபிடித்துப் பண்டத்தை நிறுத்திவிட்டோம் என்பதற்காக டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. சல்பைட் இரைப்பைக் கிளப்பிவிடும் பல காரணங்களில் ஒன்றே தவிர, அதை விலக்கினால் ஆஸ்துமாவே போய்விடும் என்பது இல்லை.

ஆச்சியின் மனம்

எல்லாம் சரியாக நடந்தாலும் வீட்டில் ஒரு இடத்தில் தடை வரும். விருந்தாளிக்குக் கலக்கிய ஸ்குவாஷைப் பார்த்துப் பேரன் அழுவான். ஆச்சிக்கு மனம் பொறுக்காது.

"ஏளா, நம்ம தோட்டத்துப் பழம், நம்ம கையால போட்டது. ஒரு வாய் குடிச்சா என்ன செஞ்சிரப் போவுது? பிள்ள ஏங்கிப் போவாம்லா" என்பார்.

"பழம் ஒண்ணும் செய்யாது அத்தை. அதுல போட்ட பவுடர்தான் அவனுக்கு ஒத்துக்கிட மாட்டேங்கு. இந்தா, ரெண்டு பழத்தைப் புதுசாப் பிழிஞ்சு தாரேன்" என்று மருமகள் சொல்ல முடிந்தால் சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. ஆச்சிக்கு வேண்டியது பேரன் முகம் வாடாமல் இருப்பது. கையில் கொடுக்க வேறு ஒன்று இருந்தால் அவரே காவலாகிவிடுவார். பள்ளிக்கூட ஆசிரியரிடமும், அடிக்கடி போகிற வீடுகளிலும், எதிர்க் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.

கடைப் பண்டத்துக்கு மாற்று இந்தப் பக்கத்தில் ஏராளம். எள்ளுருண்டை, பொரி உருண்டை, கருப்பட்டி போட்ட பணியாரம், அவித்த பனங்கிழங்கு, சோளப்பொரி என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம். கடலை ஒவ்வாத பிள்ளைக்குக் கடலை மிட்டாய் மட்டும் ஆகாது. வெல்லத்தில் செய்கிறபோது தூள் போடாத வெல்லமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும் பொன்னிறக் கிஸ்மிஸ், அத்திப்பழம் போன்ற உலர்ந்த பழங்களிலும் சல்பைட் இருக்கக்கூடும். கழுவினால் முழுவதும் போகாது.

தூள் போடாமல் எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொள்ள

எலுமிச்சைத் தோட்டம் உள்ள வீட்டில் பிள்ளைக்குப் பாட்டில் சாறு தேவையே இல்லை. காயம்படாத பழங்களைக் காம்போடு பறித்து, துளையிட்ட பாலிதீன் பையில் போட்டுக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் சில வாரங்களுக்கு வாடாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் விலை மலிந்த காலத்தில் பிழிந்து, விதை நீக்கி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளை ஒரு டப்பாவில் போட்டுவிடலாம். கோடையில் ஒரு டம்ளருக்கு ஒரு கட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஊறுகாய்க்குக் கே.எம்.எஸ்., பென்சோயேட் எதுவும் வேண்டாம். கிலோப் பழத்துக்கு 200 கிராம் கல்லுப்பு என்ற கணக்கில் போட்டுக் குலுக்கி வெயிலில் வைத்தால் உப்பும் புளிப்புமே காப்பாற்றிவிடும். ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது. உப்பு அதிகம் என்பதால் பிள்ளைக்குத் தொட்டுக்கொள்ளும் அளவே போதும்.

விற்பனைக்கு ஸ்குவாஷ் போடுகிறவர்கள் கே.எம்.எஸ். சேர்க்காமல் முடியாது என்றால், சேர்ப்பதை ஒழுங்காகச் சேர்க்க வேண்டும். தயாரான ஸ்குவாஷ் ஒரு லிட்டருக்கு 0.6 கிராம் போதும். 10 லிட்டருக்கு 6 கிராம். 'ஒரு சிட்டிகை' என்ற அளவு இதற்கு உதவாது. ஒருவர் சிட்டிகை இன்னொருவர் சிட்டிகையைப்போல மூன்று மடங்கு இருக்கும். நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின் தராசு ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். சர்க்கரைப் பாகு நன்றாக ஆறிய பிறகு, தூளைச் சிறிது சாற்றில் கரைத்துக் கலக்க வேண்டும். சூட்டில் போட்டால் வாயு பறந்துவிடும். போதவில்லை என்று மேலும் போடத் தோன்றும். தூள் டப்பாவை இறுக மூடிவைப்பதும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் அவசியம்.

கே.எம்.எஸ். வேண்டாம் என்று பென்சோயேட்டுக்கு மாறினால் இரைப்புள்ள பிள்ளை சல்பைட்டிலிருந்து தப்பிக்கும். ஆனால் பென்சோயேட்டால் தடிப்பு வருகிற பிள்ளையும் எங்காவது இருக்கும். எதைச் சேர்த்தாலும் பாட்டிலின் லேபிளில் அதன் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். 'இதில் சல்பைட் உள்ளது' என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால், அதை வாங்குகிற வீட்டில் இரைப்புள்ள பிள்ளை இருந்தால் தாய் அந்தப் பாட்டிலைத் தனியே எடுத்துவைத்துக்கொள்வாள்.